பெருநாளைக்கு வாணாம், சும்மா ஒரு நாளைக்கு வாங்க

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஒவ்வொரு பெருநாள் முடிந்த கையோடும் பேஸ்புக்கில் ஒரே மாதிரியான பதிவுகள் வரிசையாக வரும். "அந்தக் காலத்துப் பெருநாள் எங்கே? முப்பது நாற்பது பேர் ஒரே வீட்டில் கூடிச் சாப்பிட்டோமே, அந்தச் சந்தோஷம் எங்கே?" என்று எழுதுவார்கள். கீழே நூறு பேர் கண்ணீர் முகம் போட்டுவிட்டுப் போவார்கள். எழுதுகிறவர்களில் அநேகம் பேர் ஆண்கள். அந்த நாற்பது பேருக்கும் சோறு ஆக்கியவர்கள் இப்படி எழுதி நான் இதுவரை வாசித்ததில்லை.

ஆகவே ஆக்கிய ஒருவரின் பக்கத்தை இன்று எழுதுகிறேன். என் உம்மும்மாவின் பக்கம்.

அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. பசறையில் பிறந்து, பசறையிலேயே வாழ்க்கைப்பட்டு, பசறையிலேயே பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளையும் கண்டவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் நான் வகுப்பில் படிப்பிக்கிற சில விசயங்களை என்னைவிடத் தெளிவாகச் சொல்லுவார். அதற்குப் பிறகு வருகிறேன்.

"அந்தக் காலத்துப் பெருநாள் திரும்ப வந்தா நல்லம்தானே உம்மும்மா?" என்று கேட்டால் அவர் சிரிப்பார். "ஆருக்கு மகள்? திண்டவங்களுக்கா, ஆக்கினவங்களுக்கா?" என்று திருப்பிக் கேட்பார்.

இந்தக் கேள்விக்கு நம்மில் எத்தனை பேரிடம் பதில் இருக்கிறது?

அந்தக் காலத்துப் பெருநாள் என்றால் ஆண்களுக்கு ஒரு நாள். பெண்களுக்கு நாலு நாள். மூன்று நாளைக்கு முந்தியே அரிசி ஊறப்போட்டு இடிக்கத் தொடங்க வேண்டும். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய மிலாறைக் கட்டுக்கட்டாக வாங்கி அடுக்க வேண்டும். பீலியிலிருந்து தண்ணீர் குடம் குடமாக வர வேண்டும். வட்டலப்பத்துக்குத் தேங்காய் துருவுவது ஒருவர், பால் பிழிவது ஒருவர், கருப்பட்டி சீவுவது ஒருவர். பெருநாள் இரவு அநேகமாகத் தூக்கம் இல்லை. விடிந்ததும் ஆண்கள் குளித்துப் புதுச்சாரம் உடுத்துப் பள்ளிக்குப் போவார்கள். திரும்பி வரும்போது சஹன் தயாராக இருக்க வேண்டும். ஒரு சஹனுக்கு ஆறு பேர். முதலில் ஆண்கள், பிறகு வந்த விருந்தாளிகள், பிறகு பிள்ளைகள். கடைசியாகப் பெண்கள். அதற்குள் நெய்ச்சோறு ஆறி, கறி உறைந்திருக்கும். சாப்பிட்டு எழும்பினால் சட்டி பானை மலை மாதிரிக் கிடக்கும்.

"நூத்திச் சொச்சம் பெருநாளைக்கு ஆக்கி ஈக்கிறேன். சுடச்சுடக் குந்தித் திண்டது ரெண்டு கை வெரலுக்குள்ள அடங்கும்" என்பார் உம்மும்மா. இதைக் குறையாகச் சொல்வதில்லை. கணக்காகச் சொல்வார்.

கூட்டுக் குடும்பத்தின் அழகு என்று நாம் எழுதுவதற்குள் இந்தக் கணக்கும் இருக்கிறது. இதைச் சேர்க்காமல் எழுதினால் அது அரைவாசிக் கதை.

சரி, அப்படியென்றால் அவருக்கு அந்த நாட்களில் எதுவுமே பிடிக்கவில்லையா? பிடித்தது. அது நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. சஹனைச் சுற்றி இருந்ததல்ல, அதற்கு முந்தின இரவு அடுப்படியில் பெண்கள் எல்லோரும் ஒன்றாகக் குந்தி வேலை செய்தபடி பேசியதுதான் பிடித்தது. மாமியும் மருமகளும், தாத்தாவும் தங்கச்சியும், பக்கத்து வீட்டு ஆளும். யார் வீட்டில் என்ன கஷ்டம், யாருக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், யார் யாரோடு கோபம், எல்லாம் அங்கேதான் தெரியவரும். அநேகமான கோபங்கள் அங்கேயே தீர்ந்தும் போகும்.

அதைவிடவும் அவர் நினைத்து ஏங்குவது சும்மா நாட்களை. அஸர் தொழுதுவிட்டு வாசல்படியில் குந்தினால் யாராவது ஒருவர் வருவார். ஒரு வெறுந்தேத்தண்ணி, கடிக்க ஒரு துண்டு கருப்பட்டி. சம்பள நாளில் கொழுந்து எடுக்கும் பெண்கள் டவுனுக்கு இறங்கி வந்தால், அவர்களில் ஒருவர் கடைச் சாமான் பையை உம்மும்மாவின் படியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் இளைப்பாறிப் போவார். இரண்டு பேரும் பிள்ளைப்பேற்றையும் கால்வலியையும் அரிசி விலையையும் பேசுவார்கள். யாரும் யாருக்கும் எதுவும் ஆக்கிப் போடவில்லை. யாரும் போட்டோ எடுக்கவில்லை. உம்மும்மாவின் பாசையில் அதுதான் "மனிசர் வந்து போற வீடு".

என் கருத்தை இங்கே நேராகவே சொல்லிவிடுகிறேன். நாம் இழந்தது பெருநாள் விருந்தை அல்ல. விருந்து இன்றும் இருக்கிறது, அந்தக் காலத்தை விடக் கூடுதலாகவே இருக்கிறது. நாம் இழந்தது சும்மா நாளில் வந்து போவதை. அதை இழந்ததை மறைக்கத்தான் பெருநாளை இவ்வளவு பெரிதாக்குகிறோம்.

இப்போதைய பெருநாள் கூட்டத்தைப் பாருங்கள். கொழும்பிலிருந்து ஒரு வேன், கண்டியிலிருந்து ஒரு கார், பதுளையிலிருந்து ஒரு த்ரீவீல். பகலுக்குப் புரியாணி ஓடர். உம்மும்மாவுக்கு நல்ல கதிரை, நல்ல உடுப்பு. ஒவ்வொருவராக வந்து ஸலாம் சொல்லி "சுகமா?" என்று கேட்பார்கள். "அல்ஹம்துலில்லாஹ்." பிறகு அவரை நடுவில் வைத்து போட்டோ. பிறகு துபாயில் இருக்கும் மாமாவுக்கு வீடியோ கோல். "உம்மா, உங்கட நெத்திதான் தெரியுது, போனக் கொஞ்சம் கீழ பிடிங்க." பிறகு இருட்டுமுன் பெரகலை வளைவுகளைத் தாண்ட வேண்டும் என்று எல்லோரும் எழும்பிவிடுவார்கள். அந்த நாளில் உம்மும்மா பேசிய மொத்தச் சொற்களை எண்ணினால் ஐம்பது தேறாது. எல்லோரும் வந்திருந்தார்கள், யாரும் அவரோடு இருக்கவில்லை.

அவர் வாயிலிருந்து பேச்சு வருவதற்கு ஒரு சும்மா நாள் வேண்டும். வந்தால் என்ன வரும் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, நமுனுகுலை. 2,000 மீற்றருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் அந்த மலைதான் உம்மும்மாவின் கலண்டர், மணிக்கூடு, வானிலை அறிக்கை எல்லாம். "நோன்பு இந்த மலையச் சுத்தி வருது மகள்" என்று ஒரு நாள் சொன்னார். முதலில் எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். அடைமழையில் நோன்பு பிடித்திருக்கிறார், பனியில் பிடித்திருக்கிறார், தொண்டை காயும் காற்றுக் காலத்திலும் பிடித்திருக்கிறார்.

சந்திர வருடம் சூரிய வருடத்தை விடப் பதினொரு நாள் அளவில் குறைவு. அதனால் நோன்பு வருடா வருடம் முன்னுக்கு நகர்ந்து, சுமார் 33 வருடத்தில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். 1947இல் நோன்பு ஜூலையில் தொடங்கியது. 1980இலும் ஜூலை, 2013இலும் ஜூலை. முதலாவதில் உம்மும்மா சின்னப் பிள்ளை. இரண்டாவதில் பிள்ளைகளின் உம்மா. மூன்றாவதில் எல்லோருக்கும் உம்மும்மா. நம் ஊவாவில் ஜூலை என்றால் என்ன? தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து காய்ந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்கும் காலம். கிழக்கு மாகாணத்தார் கச்சான் என்பார்கள். ஊவாத் தேயிலைக்கு உலகம் பூராவும் பெயர் வாங்கித் தரும் அந்தத் தனி மணம் வருவதும் இந்தக் காய்ந்த காற்றில்தான். நமக்கு அடைமழை வருவது வருடக் கடைசியில், வடகிழக்குப் பருவக்காற்றோடு. இதைப் படம் கீறி, அம்புக்குறி போட்டு ஒரு பாடவேளை முழுக்க நான் படிப்பிக்கிறேன். உம்மும்மா ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார். மூன்று ஜூலை நோன்பைப் பார்த்தவருக்குப் படம் தேவையில்லை.

2030இல் ஜனவரி தொடக்கத்திலும் டிசம்பர் கடைசியிலுமாக ஒரே வருடத்தில் இரண்டு தடவை நோன்பு தொடங்கும் என்று கணக்கு. அதைச் சொன்னபோது, "ஹயாத்து ஈந்தா ரெண்டையும் பிடிப்பம், இன்ஷா அல்லாஹ்" என்றார்.

இரண்டாவது உதாரணம் தண்ணீர். எங்கள் பக்கத்து மலைச்சரிவில் எந்தெந்த இடத்தில் முன்பு ஊற்று இருந்தது, எது வற்றியது, எதை மூடி வீடு கட்டினார்கள் என்று உம்மும்மாவுக்குத் தெரியும். அவர் காலத்தில் தண்ணீர் எடுக்கப் போவது பெண்பிள்ளைகளின் வேலை. அதனால் தண்ணீரின் வரைபடம் பெண்களின் தலையில்தான் இருக்கிறது. "வத்தின ஊத்து திடீரெண்டு ஊறினாலும் பயம், ஊறின தண்ணி கலங்கினாலும் பயம். அப்ப வீட்ட வுட்டு எறங்கிரணும்" என்பார்.

மண்சரிவுக்கு முன் தெரியும் அறிகுறிகளென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மக்களுக்குச் சொல்லும் பட்டியலிலும் இது இருக்கிறது. சுவரிலும் தரையிலும் வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனத் தோன்றும் அல்லது மறையும் ஊற்று, கலங்கிய நீர். உம்மும்மா இந்தப் பட்டியலை வாசித்தவரல்ல.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்தது நம் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பதுளை மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. பாதைகள் மூடப்பட்டன. கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை. வீடியோ கோலில் நெற்றி காட்டிய உறவுகள் யாராலும் அந்த நாட்களில் ஒரு சொல் பேச முடியவில்லை. உம்மும்மாவின் வாசலுக்கு வந்தவர்கள், நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள் மட்டும்தான். சும்மா நாளில் வந்து போகிறவர்களும் அவர்களேதான்.

உம்மும்மா சொன்னால் போதும், நிறுவகம் எதற்கு என்று நான் சொல்லவில்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருங்கள், 100 தாண்டினால் வெளியேறத் தயாராகுங்கள், 150 தாண்டினால் வெளியேறுங்கள் என்று அவர்கள் சொல்லும் அளவை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும். அதே நேரம், எச்சரிக்கை மட்டும் போதாது என்பதையும் மீரியபெத்தை காட்டியது. அங்கே எச்சரிக்கை முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. போவதற்கு மாற்று இடம்தான் மக்களுக்கு இருக்கவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான். கொழும்பில் வளரும் பேரன் நாளைக்கு இங்கே வீடு கட்ட வந்தால், அந்த இடத்தில் முன்பு ஊற்று இருந்ததா என்று யாரிடம் கேட்பான்? அவன் உம்மும்மாவைப் பெருநாள் போட்டோவில் மட்டும்தானே கண்டிருக்கிறான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. பாடசாலையில் பெற்றோர் கூட்டம் வைத்தால், தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்காக வந்து கையெழுத்துப் போடுவது பாட்டிமார்தான். அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில் வேலை. கொழுந்துக் கூடையைத் தலையில் போட்டு வாழ்நாள் பூராவும் மலை ஏறியவர், ஓய்வு பெற்ற பிறகு மறுபடி பிள்ளை வளர்க்கிறார். அவரது பிள்ளைகள் வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். அவருக்கும் அதே கதிரை, அதே போட்டோ.

உலகமும் இதைப் பற்றி இப்போது பேசுகிறது. பிரித்தானியா 2018இல் தனிமைப் பிரச்சினைக்கென்று ஓர் அமைச்சரை நியமித்தது. ஜப்பான் 2021இல் அதையே செய்தது. 2025 ஜூனில் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார். வருடத்துக்குச் சுமார் 871,000 மரணங்களோடு தனிமைக்குத் தொடர்பு இருக்கிறதாம். இளம் வயதினரும் இதில் நிறையப் பேர் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. அதாவது நாம் உம்மும்மாவிடம் போவது உம்மும்மாவுக்கு மட்டுமான மருந்தல்ல.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று அது சொல்கிறது. தன்னைப் பராமரிக்க வழியில்லாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து கொடுப்பனவு கேட்டுச் சபையிடம் விண்ணப்பிக்கவும் முடியும். நல்ல சட்டம். ஆனால் ஒரு சட்டம் பணத்தைத்தான் வாங்கித் தரும். பக்கத்தில் குந்தி இருக்க ஆளை அனுப்பாது. மார்க்கமும் உறவைச் சேர்ந்து நடக்கச் சொல்லியிருக்கிறது. அதற்கு வருடத்தில் இரண்டு நாளை மட்டும் குறித்துத் தரவில்லை.

சிலர் கேட்பீர்கள், "டீச்சர், சும்மா நாளில் வர லீவு எங்கே? பஸ் காசு எங்கே?" நியாயமான கேள்வி. 2022க்குப் பிறகு பயணச் செலவு எல்லோரையும் உலுக்கியது. வெளிநாட்டில் இருப்பவர்கள் நினைத்த நேரம் வர முடியாது. அவர்களைக் குற்றம் சொல்ல இந்தப் பதிவு இல்லை. ஆனால் பதுளையிலும் ஹாலிஎலயிலும் லுணுகலையிலும் பண்டாரவளையிலும் இருப்பவர்களும் பெருநாளைக்கு மட்டும்தானே வருகிறோம்? ஒரு மணித்தியாலமோ இரண்டு மணித்தியாலமோ பஸ்ஸில் வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்களைத்தான் கேட்கிறேன்.

மூன்று விசயம் செய்து பார்ப்போம்.

ஒன்று. மாதத்தில் ஒரு சும்மா நாள் போங்கள். சொல்லாமல் போங்கள். "செல்லிட்டு வந்தா ஆக்கணும் மகள், செல்லாம வாங்க" என்பது உம்மும்மாவின் கட்டளை. போகும்போது ஒரு இறாத்தல் பாணும் ஒரு சம்பலும் நீங்களே கொண்டு போங்கள். போனை பையில் வையுங்கள். நீங்கள் பேச வேண்டும் என்றில்லை. பக்கத்தில் குந்தினால் போதும், பேச்சு தானாக வரும்.

இரண்டு. பெருநாள் அடுப்படியை ஆண்களும் எடுங்கள். நம் ஊர்களில் கலியாண வீட்டில் நூறு சஹனுக்கு ஆக்குகிறவர் யார்? ஆண் சமையல்காரர்தானே. நூறு சஹனுக்கு வரும் கை, வீட்டில் ஐந்து சஹனுக்கு வராதா? முதல் சஹனை வீட்டின் மூத்த பெண்களுக்கு வையுங்கள். ஒரே ஒரு பெருநாளைக்காவது அவர்கள் சுடச்சுடச் சாப்பிடட்டும்.

மூன்று. இது என் சக ஆசிரியர்களுக்கு. ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினம் என்று பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்து விளையாட்டு வைக்கிறோம். அதே நாள் முதியோர் தினமும் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த வாரம் ஒரு வீட்டு வேலை கொடுப்போம். உம்மும்மாவிடம், அப்பாயியிடம், அம்மாயியிடம், ஆச்சியிடம் கேட்டு, வீட்டைச் சுற்றியுள்ள ஓடை, ஊற்று, பீலி, பழைய பாதை, முன்பு மண் சரிந்த இடம் எல்லாம் குறித்து ஒரு படம் கீறி வரச் சொல்வோம். புள்ளி போடத் தேவையில்லை. அந்தப் படங்களை வகுப்புச் சுவரில் ஒட்டினால், நம் ஊரின் ஆபத்தும் தண்ணீரும் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.

அடுத்த பெருநாளுக்கு நாள் இருக்கிறது. அதற்கு முன் எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் வரும். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போய் வந்து, உங்கள் வீட்டுப் பெரியவர் சொன்ன ஒரு ஊற்றின் பெயரையோ ஒரு மழைக்காலத்தின் கதையையோ கீழே எழுதுங்கள். நான் சேர்த்து வைக்கிறேன்.

நம் எல்லோருடைய பெரியவர்களுக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தோடு ஹயாத்தை நீட்டித் தரட்டும். ஆமீன்.